கரும்பு நின்ற மேட்டில் எழும் வீடுகள்: கேள்வியும் பதிலும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே, வெருலத்துக்கும் மவுண்ட் எட்ஜ்கோம்புக்கும் இடையில், சில ஆண்டுகளுக்கு முன்புவரை கரும்பு நின்ற மேடு ஒன்றில் புதிய குடியிருப்பு எழும்பிக்கொண்டிருக்கிறது. மண்வாரி இயந்திரங்கள் வந்த நாள் முதல், கோயில் அன்னதானப் பந்தியிலும் கல்யாண மண்டபத்திலும் இந்த மேட்டைப் பற்றிய பேச்சுத்தான். டர்பன் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டடச் சோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், பலரும் தங்கள் கேள்விகளை என்னிடம் கொடுத்தார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, அங்கே யார் குடிவரப் போகிறார்கள்? அரசாங்கத்தின் இலவச வீடுகள் என்று என் நாத்தனார் சொல்கிறார். கோல்ஃப் மைதானத்தோடு பணக்காரர்களுக்கான வேலியிட்ட குடியிருப்பு என்று என் மருமகன் சொல்கிறார். எது உண்மை? (வெருலத்திலிருந்து ஓர் அம்மா)

பதில்: அம்மா, இரண்டுமே இல்லை என்றுதான் வேலியில் மாட்டியிருக்கும் பலகைகள் சொல்கின்றன. சென்ற வாரம் நேரில் போய்ப் படித்தேன். சுற்றுச்சூழல் அனுமதி கேட்பவர் நிலத்தின் எல்லையில் குறைந்தது 60 செ.மீ.க்கு 42 செ.மீ. அளவுள்ள அறிவிப்புப் பலகை வைத்தாக வேண்டும் என்பது விதி. இங்கே அந்தப் பலகை இன்னும் தொங்குகிறது. வெயிலில் எழுத்து வெளுத்திருந்தாலும், நடுத்தர வருமானத்தாருக்கான அடுக்கு வீடுகள், சிறிய கடைத்தொகுதி, மழைநீர்த் தேக்கக் குட்டை என்பவற்றைப் படிக்க முடிந்தது. அந்தப் பலகைக்கு எதிரிலேயே டாக்சிக்காகக் காத்துநின்ற நால்வரும் இதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அரசு வீட்டுக்கும் தனியார் வீட்டுக்கும் நடுவில் ஒரு வகை இருப்பதையும் பலர் கவனிப்பதில்லை. மாத வருமானம் 3,500 ராண்டுக்கு உட்பட்ட குடும்பங்களுக்குத்தான் முழு அரசு வீடு உண்டு. 3,501 முதல் 22,000 ராண்டு வரை சம்பாதித்து முதன்முறையாக வீடு வாங்குபவர்களுக்கு, முன்பு ஃபிலிஸ்ப் என்று அழைக்கப்பட்ட உதவித்தொகை கிடைக்கிறது. ஆசிரியப் பணியில் சேர்ந்த பிள்ளையும் மருத்துவமனைத் தாதியும் இந்த வகையினர்தான். ஆகவே, வரப்போகிறவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம்.

கேள்வியில் சொல்லாமல் விட்ட பயமும் எனக்குப் புரிகிறது. 1960களில், நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான டர்பன் மேகசின் பராக்ஸிலிருந்து நம்மவர்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றியபோது, யாரும் நம்மிடம் கருத்துக் கேட்கவில்லை. அந்தக் குடும்பங்களில் ஒன்றில் பிறந்த எனக்கு, 'யார் வருகிறார்கள்' என்பதைவிட 'எந்த மண்ணின்மேல் கட்டுகிறார்கள்' என்பதே முதல் கேள்வியாகப் படுகிறது.

கேள்வி: மண்ணில் அப்படி என்ன இருக்கிறது? கரும்பு விளைந்த நிலம் நல்ல நிலம்தானே? (ஃபீனிக்ஸிலிருந்து ஓர் இளைஞர்)

பதில்: தம்பி, கரும்புக்கு நல்ல மண் வேறு, கடைக்காலுக்கு நல்ல மண் வேறு. டர்பனின் கரையோர மேடுகளில் கிடக்கும் சிவப்பு மண்ணைப் பொறியாளர்கள் பெரீயா செம்மணல் என்பார்கள். மணல் துகள்களைச் செங்களிமண் பூச்சு ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கிறது. உலர்ந்திருக்கும்போது, செங்குத்தாக வெட்டினாலும் சுவர்போல நிற்கும். நனைந்தால் அந்த ஒட்டு விட்டுவிடும். நம்ப முடியவில்லை என்றால், சாலை வெட்டிய இடத்திலிருந்து எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி எடுத்துவந்து கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெதுவாக வையுங்கள். முதலில் குமிழ்கள் வரும்; பிறகு ஓரங்கள் உதிரும்; தேநீர் குடித்து முடிப்பதற்குள் கட்டி போய்க் குவளையின் அடியில் சிவப்புச் சேறு மட்டும் இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த சோதகர்களுக்கு நான் பாடம் தொடங்குவதே இந்தக் குவளையோடுதான். கடற்கரையை விட்டு உள்ளே வர வர ஷேல் என்னும் அடுக்குக் களிப்பாறை தலைகாட்டும். அதன் அடுக்குகள் சரிவின் பக்கமாகவே சாய்ந்திருந்தால், அது வேறொரு தலைவலி.

இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. சரிவில் வீடு கட்ட மேட்டுப் பக்கத்தை வெட்டி, அந்த மண்ணையே பள்ளப் பக்கத்தில் கொட்டித் தளம் சமன் செய்கிறார்கள். வீட்டின் ஒரு பாதி கன்னி மண்ணிலும் மறுபாதி கொட்டிய மண்ணிலும் உட்காருகிறது. கொட்டிய மண்ணை ஒரு சாணுக்கு மேற்படாத அடுக்கு அடுக்காக, சரியான ஈரத்தில் உருளையால் இறுக்கி, ஒவ்வொரு அடுக்கையும் சோதித்திருந்தால் பயமில்லை. லாரி லாரியாகக் கொட்டி மேலே மட்டும் இரண்டு முறை உருளை ஓட்டியிருந்தால், முதல் பெரிய மழைக்குப் பிறகு அந்தப் பாதி இறங்கும். வீட்டின் நடுவே மாடிப்படிபோல் ஏறும் வெடிப்பு வரும்.

ஒவ்வொரு மனைக்கும் மண்ணின் வகையைப் பொறியாளர் எழுத்தில் குறிக்க வேண்டும். 'சி' என்றால் நனைந்தால் அமுங்கும் மண். 'எச்' என்றால் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண். 'பி' என்றால் கொட்டிய மண், சரியக்கூடிய சரிவு முதலிய சிக்கலான இடம். 'பி' என்று எழுதியிருந்தாலும் ஓட வேண்டாம். அதற்கேற்ற கடைக்காலைப் பொறியாளர் வரைந்திருக்கிறாரா என்று கேளுங்கள். சமையலறைக் கல் கருப்பா சாம்பலா என்று அரை மணி நேரம் பேசும் விற்பனையாளர், இந்த ஒரே எழுத்தைக் கேட்டால் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: 'இப்போது முன்பணம் கட்டினால் இந்த விலை, அடுத்த மாதம் விலை ஏறிவிடும்' என்கிறார்கள். கட்டலாமா? (டோங்காட்டிலிருந்து ஒரு தம்பதி)

பதில்: நில விற்பனைச் சட்டம், 1981ஆம் ஆண்டின் 68ஆம் எண், இதற்குத் தெளிவான பதிலை வைத்திருக்கிறது. மனையோ வீட்டுப் பகுதியோ பத்திரப்பதிவுக்குத் தகுதி பெறும்வரை, அதாவது நில அளவைப் படம் ஏற்கப்பட்டு, சாலை, நீர், கழிவுநீர் வசதிகளுக்கு நகராட்சி ஒப்புதல் தந்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பதிவு அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு மாற்றக்கூடிய நிலை வரும்வரை, விற்பவர் உங்கள் பணத்தைத் தம் கையில் வாங்கக் கூடாது. வழக்கறிஞரின் அல்லது சொத்து முகவரின் அறக்கணக்கில் (டிரஸ்ட் கணக்கு) போட்டுவைக்கலாம். அதை வீடு கட்டும் செலவுக்கு அவர் தொட முடியாது. ரசீதில் யாருடைய கணக்கு எண் இருக்கிறது என்று பாருங்கள். முகவரிடம் செல்லுபடியாகும் நம்பகநிதிச் சான்றிதழ் (ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாமல் அவர் தரகு வாங்கவே கூடாது.

அடுத்த மாதம் விலை ஏறுமா என்பதற்கு என்னிடம் ஒரு சிறிய அனுபவம்தான் உண்டு: ஏறும் என்று சொன்ன மாதத்துக்கு அடுத்த மாதமும் அதே பலகையில் அதே விலையைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பிளான் அங்கீகரிக்கப்படாமலேயே கட்டுகிறார்கள் என்று பேச்சு. அப்படி நடக்குமா? (அதே ஊரிலிருந்து)

பதில்: டோங்காட்டுக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2013 நவம்பர் 19 அன்று அங்கே கட்டுமானத்தில் இருந்த வணிக வளாகம் சரிந்து இருவர் உயிரிழந்தனர்; அங்கீகரித்த பிளான் இல்லாமல், நீதிமன்றத் தடையையும் மீறி வேலை நடந்திருந்தது. இந்த மேட்டில் அப்படி நடக்கிறது என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. மனை எண்ணைச் சொல்லி நகராட்சிப் பிளான் அலுவலகத்தில் கேட்டால், வதந்தி ஒரு காலை நேரத்தில் தீர்ந்துவிடும்.

கேள்வி: மேட்டின் மறுபுறம் ஆலமரத்தடியில் முனீஸ்வரன் கல் இருந்தது. தோட்டத்து ஆட்களின் சமாதிகளும் அங்கே இருப்பதாக என் ஆயா சொல்வார். அவற்றை இடித்துவிட்டார்களா? (மவுண்ட் எட்ஜ்கோம்பிலிருந்து ஓர் அக்கா)

பதில்: 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்திறங்கியவர்கள் முதல், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் வரை எத்தனையோ பேர் கரும்புத் தோட்டங்களின் ஓரங்களில்தான் அடக்கமானார்கள். பெயர் பொறித்த கல் இல்லாமல், ஒரு செம்பருத்திச் செடியோ கவிழ்த்துவைத்த சட்டியோ மட்டும் அடையாளமாக இருக்கும். ஆகவே உங்கள் ஆயா சொன்னதை நான் வதந்திக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி, நகராட்சி நடத்தும் மயானத்துக்கு வெளியே 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சமாதி இருந்தால், அனுமதியின்றி அதைத் தொடக் கூடாது. உறவினரையும் ஊராரையும் தேடிக் கலந்துபேச வேண்டும். தோண்டும்போது புதிதாக ஒன்று தென்பட்டால் வேலையை உடனே நிறுத்தித் தெரிவிக்க வேண்டும். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தின் தன்மையை மாற்றும் எந்தத் திட்டமும் மரபுவள அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும். நம் மாகாணத்தில் அது அமாஃபா நிறுவனத்தின் பொறுப்பு. ஆயா உடல்நலத்தோடு இருந்தால் அவரைக் காரில் அழைத்துச் சென்று, வேலிக்கு வெளியிலிருந்தாவது இடத்தைக் காட்டச் சொல்லி, பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, அமாஃபாவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். அதன்மேல் மண்வாரி ஒரு முறை ஏறிவிட்டால் சட்டத்தால் மீட்டுத் தர முடியாதது இது ஒன்றுதான்.

கேள்வி: மேட்டுக்குக் கீழே எங்கள் வீடு. உருளை ஓடும்போது ஜன்னல் அதிர்கிறது. மழை பெய்தால் செஞ்சேறு முற்றத்துக்கு வருகிறது. யாரிடம் சொல்வது? (பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: இன்றைக்கே வீட்டைச் சுற்றிவந்து, இருக்கிற வெடிப்புகள் எல்லாவற்றையும் ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். முன்பு இருந்தது எது, பின்பு வந்தது எது என்று பிரிக்க அதைவிட மலிவான வழி இல்லை. சேற்றுக்கு, கட்டுமான மேலாளருக்கும் நகராட்சியின் மழைநீர் வடிகால் பிரிவுக்கும் எழுதுங்கள். சுற்றுச்சூழல் அனுமதியோடு வரும் நிர்வாகத் திட்டத்தில் மண் அரிப்பைத் தடுக்கும் வேலைகள் இருக்கும். அதைச் சோதிக்கத் தனி அலுவலரும் நியமிக்கப்பட்டிருப்பார். அவருடைய பெயரைக் கேளுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோரை இழந்த மாகாணத்தில், முற்றத்துச் சேறு அற்ப விஷயமல்ல.

கேள்வி: இருக்கிற வீடுகளுக்கே குழாயில் தண்ணீர் வருவதில்லை. இத்தனை புதிய வீடுகளுக்கு எங்கிருந்து வரும்?

பதில்: வந்த கேள்விகளில் நியாயமான கோபம் இதில்தான் இருக்கிறது. ஹேசல்மியர் அணையின் சுவரை உயர்த்தியதால் தேங்கும் நீர் கூடியது உண்மை. ஆனால் அணையில் நீர் இருப்பதும் உங்கள் குழாயில் நீர் வருவதும் ஒன்றல்ல. நடுவில் பழைய குழாய்கள், கசிவுகள், தொட்டிகள் இருக்கின்றன. 2022 வெள்ளம் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையத்தை உடைத்தபோது மக்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரியை நம்பி வாழ்ந்தார்கள். திட்டக் கோப்பில், நீரும் கழிவுநீரும் ஏற்க இடமுண்டு என்று நகராட்சி தந்த கடிதம் இருக்கும். அதன் தேதியைப் பாருங்கள். வெள்ளத்துக்கு முந்திய தேதி என்றால், ஆட்சேபணையில் முதல் வரியாக அதை எழுதுவேன்.

கேள்வி: டிசம்பர் நடுவிலிருந்து வேலை நின்றுவிட்டது. நிறுவனம் திவாலாகிவிட்டதா?

பதில்: கட்டுமானத் துறைக்கு அது ஆண்டு விடுமுறை. ஜனவரி நடுவிலும் கதவு பூட்டியிருந்தால் அப்போது கேளுங்கள்.

கேள்வி: வாங்கிய பிறகு குறை தெரிந்தால் யார் பொறுப்பு? (சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு மாமா)

பதில்: புதிய வீடு கட்டுபவர் தேசிய வீடு கட்டுவோர் பதிவுக் கழகமான என்.எச்.பி.ஆர்.சி.யில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலை தொடங்க 15 நாட்களுக்கு முன்பே அந்த வீட்டையும் தனியாகப் பதிய வேண்டும். குடிபுகுந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை வேலைக் குறைகளுக்கும், ஓராண்டு வரை கூரை ஒழுகலுக்கும், ஐந்தாண்டு வரை கட்டமைப்பின் பெரிய குறைகளுக்கும் அவர் பொறுப்பு. வாயால் சொன்ன புகாருக்கு மதிப்பில்லை. காலக்கெடுவுக்குள் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். குடிபுகும் சான்றிதழ் இல்லாமல் சாவியை வாங்கவும் வேண்டாம். அது இல்லாமல் குடியிருப்பதே சட்டப்படி குற்றம்.

கேள்வி: வேலியிட்ட குடியிருப்பில் நிர்வாகச் சங்கம் வைத்ததுதான் சட்டமா?

பதில்: பெரும்பாலும் ஆம், ஏனெனில் கையெழுத்துப் போட்டது நீங்கள். மவுண்ட் எட்ஜ்கோம்பில் உள்ள ஒரு குடியிருப்பில், உட்சாலையின் 40 கி.மீ. வேக எல்லையை மீறியதற்கு விதித்த அபராதம் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அந்த விதிகள் ஒப்பந்தம்தான், செல்லும் என்று 2019 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. கார்த்திகை விளக்கைச் சுவரில் வைக்கலாமா, தைப்பூசக் காவடிக்கு வரும் உறவினரின் கார்களை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே விதிப்புத்தகத்தில் தேடுங்கள். லெவி எனப்படும் பராமரிப்புக் கட்டணத் தகராறுக்கு, இத்தகைய குடியிருப்புகளுக்கென்றே குறைதீர் அலுவலகம் (சி.எஸ்.ஓ.எஸ்.) இருக்கிறது. நீதிமன்றத்தைவிடச் செலவு மிகக் குறைவு.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மாதிரி வீட்டைப் பார்க்கப் போகிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், நல்ல மழைக்கு மறுநாள் போங்கள். மாதிரி வீட்டுக்குள் சோபாவைப் பார்த்தது போதும் என்று பின்வாசல் வழியே வெளியே வந்து, மேட்டைத் தாங்கி நிற்கும் சுவரிடம் செல்லுங்கள். அதன் அடியில் வரிசையாக நீர் வடியும் துளைகள் இருக்க வேண்டும். தெளிந்த நீர் சொட்டினால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. துளைகள் காய்ந்து கிடந்து சுவர் வயிறு தள்ளியிருந்தால், நீர் வெளியேற வழியின்றிப் பின்னாலிருந்து அழுத்துகிறது என்று பொருள். வடிகிற நீர் சிவப்பாக இருந்தால், சுவருக்குப் பின்னாலிருக்கும் மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள். அந்தச் செம்மண் கறை எத்தனை முறை துவைத்தாலும் போகாது.