நனைந்த லெப்டொப், திருப்பித் தராத கடை: முதலில் டிஸ்க்கைக் கையில் எடுங்கள்

கேள்வி: வெல்லம்பிட்டியில் இருக்கிறேன். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது லெப்டொப் நனைந்துவிட்டது. பம்பலப்பிட்டியில் ஒரு கடை, டேட்டாவை எடுத்துத் தருவதாகச் சொல்லி 15,000 ரூபா முற்பணம் வாங்கியது. இரண்டு மாதமாகிறது. இப்போது மதர்போர்ட் மாற்றி ஃபோர்மட் செய்ய வேண்டுமாம். இன்னும் 40,000 கட்டினால்தான் லெப்டொப்பைத் தருவார்களாம். பில்லில் 'டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருக்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: சகோதரி, வழக்கு பிறகு. இன்றைக்கே அந்தக் கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "ஃபோர்மட் செய்யவோ மதர்போர்ட் மாற்றவோ நான் சம்மதிக்கவில்லை. டிஸ்க்கை உள்ளபடியே திருப்பித் தாருங்கள்." தொலைபேசியில் சொன்னால் அப்புறம் நிரூபிக்க முடியாது. உங்கள் டிஸ்க் (டேட்டா பதிந்திருக்கும் பாகம்) எஸ்எஸ்டி எனப்படும் சிப் வகை என்றால், ஃபோர்மட் ஆகி எல்லாம் அழிந்த பிறகு எந்த நீதிபதியாலும் உங்கள் கணக்குகளை மீட்டுத்தர முடியாது.

மதர்போர்ட் செத்தால் டேட்டாவும் செத்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். புதிய லெப்டொப்கள் பலவற்றில் எஸ்எஸ்டி என்பது ஒரு சூயிங்கம் அளவுத் துண்டு. ஒரேயொரு ஸ்க்ரூவைக் கழற்றினால் வந்துவிடும். அதை இன்னொரு கணினியில் பொருத்திப் பார்க்கலாம். சில மொடல்களில் மட்டும் போர்டிலேயே ஒட்டியிருக்கும். அங்கே வேலை கஷ்டம். விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டியிருந்தால் அந்தப் பூட்டுக்குப் பெயர் பிட்லொக்கர்; அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கடைக்காரருக்குப் பாஸ்வேர்ட் கொடுத்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். வாடிக்கையாளர்களின் கணக்கும் அதில் இருக்கிறதல்லவா?

சரி, அவர்கள் லெப்டொப்பைப் பிடித்துவைக்கலாமா? இலங்கையில் நமது பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தில், செய்து முடித்த வேலைக்கு ஒப்புக்கொண்ட கூலி வரும்வரை பொருளை வைத்திருக்கும் உரிமை பழுதுபார்ப்பவருக்கு உண்டு. ஆனால் நீங்கள் ஒப்புக்கொள்ளாத, இன்னும் செய்யாத வேலைக்கு அது இல்லை. இந்த 40,000 அப்படிப்பட்டதுதான். பரிசோதனைக் கூலி என்று நியாயமான தொகை கேட்டால், "உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்" என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கட்டிவிட்டு டிஸ்க்கை வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாவுக்காக அதை மேலும் சில மாதம் அவர்களிடம் விடுவது புத்திசாலித்தனமல்ல. வாங்கும்போது டிஸ்க்கின் தொடரிலக்கத்தைப் படம் எடுங்கள். அது உங்களுடையதல்ல என்று தெரிந்தால் பொலிஸ் முறைப்பாடு வரை போகலாம்.

பில்லிலுள்ள வாசகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம், கவனக்குறைவுக்கான பொறுப்பை இப்படி ஒரு வரியில் கழற்றிவிடுவதற்கு வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரி நியாயமானதாக இருக்க வேண்டும். வெள்ளத்தில் ஏற்கெனவே அழிந்த டேட்டாவுக்கு அவர்கள் பொறுப்பில்லை என்பது நியாயம். உங்களைக் கேட்காமல் ஃபோர்மட் செய்துவிட்டு அதே வரியைக் காட்டினால் நியாயமல்ல.

முற்பணத்தைத் திரும்பப் பெற, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். துரித இலக்கம் 1977. மூன்று மாதக் கெடு உண்டு. உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு போய்விட்டது, இந்த வாரமே எழுதிவிடுங்கள். தாமதித்துவிட்டு என்னிடம் வருபவர்கள்தான் அதிகம். பார்க்கவே மனம் கஷ்டப்படும். அதற்கும் மசியாவிட்டால் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம், பிறகு மத்தியஸ்த சபை. இப்படிச் சிறு தொகைப் பிணக்குகள் அங்கே போகாமல் நீதிமன்றம் வர முடியாது. சட்டத்தரணி தேவையில்லை, நீங்களே பேசலாம்.

நஷ்டஈடு பெரிதாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 'என் டேட்டா பெறுமதியானது' என்று சொன்னால் போதாது. பில்களை மறுபடி பதிய யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எந்த வாடிக்கையாளர் விலகினார் என்று காட்ட வேண்டும். அந்தச் சீட்டுகளையும் கடை தந்த பில்லின் மூலப்பிரதியையும் பத்திரமாக வையுங்கள். யார் கேட்டாலும் போட்டோக் கொப்பி மட்டும் கொடுங்கள்.