வாசகர் கேள்வி–பதில்: நம்பர் எழுதிய மரங்கள்

மழைக்காலம் நெருங்கினால் தெரு மரங்களைப் பற்றிய கடிதங்கள் குவிந்துவிடும். பாதிப் பேர் வெட்டாதே என்பார்கள், மீதிப் பேர் ஏன் இன்னும் வெட்டவில்லை என்பார்கள். இந்த முறை இரண்டு தரப்பையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் தோண்டப் போகிறார்கள். பெரிய மரங்களில் வெள்ளை பெயின்ட்டில் நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்டால், "எல்லாம் பர்மிஷன் வாங்கியாச்சும்மா" என்கிறார் காண்ட்ராக்டரின் ஆள். யாரிடம் போய்க் கேட்பது?
— வாசகி, நங்கநல்லூர்

நம்பரைப் பார்த்ததும் பதற வேண்டாம். மரங்களைக் கணக்கெடுக்கும்போதும் நம்பர் போடுவார்கள், வெட்டுவதற்கு முன்பும் போடுவார்கள். பெயின்ட் அனுமதி ஆகாது, காகிதம்தான் அனுமதி. அந்தக் காகிதத்தைக் கேளுங்கள்.

தெருவில் நிற்கும் மரம் மாநகராட்சிக்குச் சொந்தம். உங்கள் குடியிருப்போர் சங்கமோ, கவுன்சிலரோ, காண்ட்ராக்டரோ தானாக முடிவெடுத்து அதை வெட்ட முடியாது. கர்நாடகத்தில் 1976-லிருந்தும் டெல்லியில் 1994-லிருந்தும் மரப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது, மகாராஷ்டிரத்தில் நகரப் பகுதிகளுக்கென்றே 1975-ல் ஒன்று வந்தது. தமிழ்நாட்டு நகரங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லாததால் இங்கே எல்லாம் அரசாணை வழியாகத்தான் ஓடுகிறது. அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது, அரசு நிலத்திலும் பொது இடத்திலும் உள்ள மரத்தை எடுக்க வேண்டுமென்றால் விஷயம் அந்தக் குழுவின் முன் போக வேண்டும். ஆகவே காண்ட்ராக்டரின் ஆளிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவருக்குக் கொடுத்த வேலையை அவர் செய்கிறார். உங்கள் மண்டல அலுவலகத்துக்குப் போய்ப் பூங்காப் பிரிவில் இத்தனையையும் கேளுங்கள்: எந்தத் தேதியில் அனுமதி, எத்தனை மரத்துக்கு, என்னென்ன மரம், நேரில் வந்து பார்த்தது யார், வடிகாலைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று யாராவது யோசித்தார்களா. கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் இருக்காது.

மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குப் போன் செய்து, உங்கள் புகாருக்கான எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகையும் வாங்குங்கள், ஒரு நகல் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகட்டும். ஒவ்வொரு மரத்தையும் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, அடிமரத்தின் சுற்றளவை டேப் வைத்து அளந்து குறித்து வையுங்கள். பின்னால் "அது சின்ன மரம்தாங்க" என்று யாரும் சொல்ல முடியாது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்பீர்கள், கேளுங்கள். ஆனால் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் மரம் விறகாகியிருக்கும். அந்தப் பதில் உங்கள் தெருவைவிட அடுத்த தெருவுக்குத்தான் அதிகம் உதவும்.

மரத்தைக் காப்பாற்று என்று எழுதுகிறவர்கள் யாரும் மரத்தின் கீழ் குடியிருப்பதில்லை போலிருக்கிறது. எங்கள் வீட்டை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம் சாய்ந்து நிற்கிறது. காற்றடித்தால் என் மனைவி தூங்குவதில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
— வாசகர், கே.கே. நகர்

உங்கள் பயம் நியாயமானது. 2022 ஜூனில் உங்கள் பகுதியிலேயே ஓடும் காரின் மேல் பெரிய மரம் விழுந்து ஒரு வங்கி மேலாளர் இறந்துபோனார். பக்கத்தில் நடந்த வடிகால் வேலைதான் காரணம் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள், மாநகராட்சி மறுத்தது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் பள்ளம் தோண்டினால் மரத்துக்கு என்ன ஆகும் என்பதை உங்களைப் போன்றவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

மரத்தின் வேர் ஆணி மாதிரி ஆழமாக இறங்கி நிற்கிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலான நகர மரங்களில் அப்படி இல்லை. வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஒரு மீட்டருக்குள்ளேயே, தாம்பாளம் போலப் பரந்து, கிளைகள் படர்ந்த எல்லையையும் தாண்டிப் போகும். வடிகாலுக்காக அடிமரத்திலிருந்து இரண்டடி தள்ளி ஜே.சி.பி. வைத்து நேர்கோட்டில் தோண்டினால் அந்தப் பக்கப் பிடிமானம் போய்விடுகிறது. இலை உடனே வாடாது, ஒரு வருஷம் இரண்டு வருஷம் பச்சையாகவே நிற்கும். அப்புறம் ஒரு மழை இரவில் விழும், "பட்டுப்போன மரம், எப்பவோ வெட்டியிருக்கணும்" என்று எல்லோரும் சொல்வார்கள். இதோடு மின்வாரியம் கம்பிக்காகத் தெருப்பக்கக் கிளைகளை மட்டும் வருஷா வருஷம் கழித்தால் பாரம் முழுவதும் வீட்டுப் பக்கம் சேர்ந்துவிடும். நாமே ஆபத்தாக்கிவிட்டு நாமே ஆபத்து என்று வெட்டுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

இருந்தாலும் உங்கள் மரம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். சாய்வு பழையதா புதியதா என்று பாருங்கள். பல வருஷமாகச் சாய்ந்து வளர்ந்த மரத்தின் மேல்பகுதி வெளிச்சத்தைத் தேடி வளைந்து நிமிர்ந்திருக்கும், அது அவ்வளவு கவலைக்குரியதல்ல. திடீரென்று சாய்ந்தது என்றால், சாய்வுக்கு எதிர்ப்புறம் மண் உப்பியோ வெடித்தோ இருந்தால், அடிமரத்தில் காளான் தட்டுத்தட்டாக முளைத்திருந்தால், தட்டிப் பார்த்தால் உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்டால், அன்றைக்கே புகார் கொடுங்கள். அப்படிப்பட்ட மரத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும், இதில் எனக்குத் தயக்கம் இல்லை. அந்த அறிகுறிகள் இல்லையென்றால் மழைக்கு முன்பே உச்சிக் கிளைகளின் அடர்த்தியைக் குறைத்து, காற்று ஊடுருவிப் போக வழி செய்யச் சொல்லுங்கள். தலையை மொட்டையடிக்க விடாதீர்கள். மொட்டையடித்த இடத்தில் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பு குறைவு, அவைதான் முதலில் முறியும்.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையை அடித்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அழகுக்கும் அவசர நிழலுக்குமாக வைத்த குல்மோஹர், இயல்வாகை, தூங்குமூஞ்சி மூன்றும் அதில் நிறைய. ஆகவே உங்கள் மனைவியின் பயத்தில் அனுபவமும் இருக்கிறது.

ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடப்போகிறோம் என்கிறார்களே, லாபம்தானே?
— வாசகர், தாம்பரம்

கணக்கில் லாபம், தெருவில் நஷ்டம். உங்கள் வாசலில் நின்ற மரத்துக்குப் பதிலாக எங்கோ ஏரிக்கரையில் பத்துக் குச்சிகள் நிற்கும், அவற்றின் நிழல் அங்கே மேயும் ஆட்டுக்குக்கூடப் போதாது. கன்று நட்டதற்கு போட்டோ உண்டு, மூன்றாவது கோடையில் எத்தனை உயிரோடு இருந்தன என்பதற்கு போட்டோ யாரும் எடுப்பதில்லை. அனுமதிக் கடிதத்தைப் பார்க்கும்போது கன்று எங்கே நடப்படும், எத்தனை வருஷம் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு ஒன்று ஒரு மரத்தின் மதிப்பை வருஷத்துக்கு 74,500 ரூபாய் என்று கணக்குப் போட்டது, அதில் 45,000 ரூபாய் ஆக்சிஜனுக்கு. எனக்கு அந்த ஆக்சிஜன் கணக்கில் அவ்வளவு பிடிப்பு இல்லை. மே மாதம் மதியம் மூன்று மணிக்கு மரமுள்ள தெருவிலும் மரமில்லாத தெருவிலும் செருப்பில்லாமல் நடந்து பார்த்தால் மதிப்பு தானாகத் தெரியும்.

எந்த ஊரிலாவது தெரு ஜனங்கள் ஜெயித்திருக்கிறார்களா? எங்களுக்கு நம்பிக்கையே போய்விட்டது.
— வாசகி, கோயம்புத்தூர்

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் ஜெயித்தார்கள், முழுசாக இல்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2012-ல் அந்த நகர மன்றம் சாலைப் பராமரிப்பு முழுவதையும் ஏமி என்ற தனியார் நிறுவனத்திடம் 25 வருஷத்துக்கு ஒப்படைத்தது. 220 கோடி பவுண்டு ஒப்பந்தம். தெருக்களில் இருந்தவை சுமார் 36,000 மரங்கள். வேர் நடைபாதையைத் தூக்குகிறது, கல்லை நகர்த்துகிறது என்று காரணம் சொல்லி நல்ல நிலையில் இருந்த மரங்களையும் வெட்ட ஆரம்பித்தார்கள். கடைசி வழியாகத்தான் வெட்டுகிறோம் என்று மன்றம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒப்பந்தத்தில் 17,500 மரங்களை மாற்றுவது என்று எண்ணே போட்டிருந்தது 2018-ல்தான் ஊருக்குத் தெரிந்தது.

அதற்கு முன்பே சண்டை முற்றிவிட்டது. மக்கள் எதிர்த்ததால் மன்றமே ஒரு சுயேச்சையான மரக்குழுவை அமைத்திருந்தது. ரஸ்ட்லிங்ஸ் ரோடு என்ற தெருவில் எட்டு மரங்களில் ஏழைக் காப்பாற்றலாம் என்று அந்தக் குழு சொன்னது. அந்த அறிக்கை வெளியானது எப்போது தெரியுமா, 2016 நவம்பர் 17 விடிகாலை நாலரை மணிவாக்கில். ஐந்து மணிக்கெல்லாம் போலீஸ் துணையோடு ஆட்கள் ரம்பத்துடன் வந்து இறங்கி, தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிக் காரை நகர்த்தச் சொன்னார்கள். மரத்தின் கீழ் போய் நின்றவர்களில் எழுபதுகளில் இருந்த இரண்டு பெண்களும் கைதானார்கள். வழக்கு பின்னால் கைவிடப்பட்டது. ஆனால் அந்த விடியலுக்குப் பிறகு இது ஒரு தெருவின் பிரச்சினையாக இல்லாமல் நாடு முழுவதும் பேசும் விஷயமாகிவிட்டது.

போராடியவர்களுக்கு எதிராக மன்றம் நீதிமன்றத்தில் தடை உத்தரவும் வாங்கியது. அப்படியும் ஜனங்கள் விடாமல் நின்றதால் 2018 மார்ச்சில் வெட்டுவதை நிறுத்தினார்கள். அதற்குள் ஐயாயிரத்துக்கும் மேல் போய்விட்டன. வெட்டுவது நின்றதும் மிச்ச மரங்களை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், போராடியவர்களையும் கூட்டிக்கொண்டு. வெட்டியே தீர வேண்டும் என்று குறித்திருந்த பலவற்றை நடைபாதைக் கல்லைக் கொஞ்சம் மாற்றி வைத்தாலே காப்பாற்றலாம் என்று தெரிந்தது. அரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று குடியிருந்த செல்சி ரோட்டின் பழைய எல்ம் மரமும் இப்படித்தான் தப்பியது. சர் மார்க் லோகாக் தலைமையிலான விசாரணை 2023 மார்ச்சில் அறிக்கை தந்தது. பொதுமக்களையும் நீதிமன்றத்தையுமே மன்றம் தவறாக வழிநடத்தியிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். மன்றம் மன்னிப்புக் கேட்டது.

இதில் உங்களுக்குப் பயன்படுவது போராட்டத்தைவிட அந்த ஒப்பந்தம்தான். வெட்டாமல் சரிசெய்யும் வழிகள் அதிலேயே இருந்தன. அதை எடுத்துக் காட்டும்வரை யாரும் பேசவில்லை. உங்கள் தெரு வேலைக்கும் ஒரு டெண்டர், ஒரு வரைபடம், ஒரு மதிப்பீடு இருக்கும். வடிகால் மரத்தைச் சுற்றிப் போகலாமா, மரத்தருகே மட்டும் கையால் தோண்டலாமா என்று அதை வைத்துக்கொண்டு பேசினால் பொறியாளரும் உட்கார்ந்து பேசுவார். "மரம் எங்கள் உயிர்" என்று பதாகை பிடித்தால் போட்டோ வரும், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் நடைபாதை போட்டபோது மரத்தின் அடி வரைக்கும் சிமென்ட் பூசிவிட்டார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது. விட்டுவிடலாமா?
— வாசகர், மதுரை

விடாதீர்கள். தண்ணீரும் காற்றும் வேருக்குப் போகாது, அடிமரம் பருக்கும்போது சிமென்ட் கழுத்தை நெரிக்கும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரை கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. அதைச் சொல்லி மனு கொடுங்கள். நீங்களே உடைப்பதென்றால் உளியும் சுத்தியலும் போதும், டிரில் இயந்திரம் வேண்டாம், வேர் கிழியும்.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் காக்கா எச்சமிடுகிறது என்று வேப்பமரத்தை வெட்டச் சொல்லி மனுவுக்குக் கையெழுத்து கேட்கிறார். பழக்கமானவர், எப்படி மறுப்பது?
— வாசகி, திருச்சி

கார் கவர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கையெழுத்தைவிட அதில் செலவு குறைவு, நட்பும் தப்பும். அப்படியும் கேட்காவிட்டால், அந்த மர நிழலில்தானே காரை நிறுத்துகிறீர்கள் அண்ணா என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள்.

எங்கள் வாசல் மரத்தை வெட்டிவிட்டார்கள், இனி பேசிப் பயனில்லை. அதே இடத்தில் எதை நடலாம்?
— வாசகர், வேளச்சேரி

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். மின்கம்பி போனால் ஓங்கி வளர்வதை வைக்காதீர்கள், இல்லாவிட்டால் வருஷம் தவறாமல் கை கால் இழந்து நிற்கும். கம்பி இல்லையென்றால் புங்கம், வேம்பு, மகிழம் மூன்றில் எதுவும் நல்லது, மகிழம் மெதுவாக வளரும், பொறுமை வேண்டும். ஆல், அரசு தெருவோர வீட்டு வாசலுக்கு வேண்டாம். பழைய அடிக்கட்டை உள்ளேயே இருந்தால் தோண்டி எடுத்துவிட்டு, அல்லது இரண்டு மூன்றடி தள்ளி, மூன்றுக்கு மூன்று அடிக் குழி எடுத்துச் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நடுங்கள். இரண்டடிக் கன்றைவிட ஆள் உயரத்துக்கு வளர்ந்த கன்றாக நர்சரியில் கேட்டு வாங்குங்கள், மாடும் பைக்கும் தொந்தரவு செய்யாது. இரும்புக் கூண்டு வைத்தால் அடிமரம் பருத்ததும் கழற்றிவிட வேண்டும், மறந்தால் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். ஜூலையில் நட்டால் மழைக்குள் வேர் பிடிக்கும், அடுத்த இரண்டு கோடைக்கு மட்டும் வாரம் இருமுறை ஒரு குடம் தண்ணீர்.