ஆறிப்போன காபி

கேள்வி: பிரார்த்தனை செய்தால் மனசுக்கு நிம்மதி, சரி. அதனால் ஊர் உலகம் மாறுமா?
– வாசகி, தஞ்சாவூர்

நிம்மதிக்கே நான் உத்தரவாதம் தர மாட்டேன். அம்மா ஐசியூவில் இருந்த மூன்று நாளும் வராண்டாவில் உட்கார்ந்து, தெரிந்த பாட்டையெல்லாம் முணுமுணுத்தேன். பாதிக் கவனம் பார்க்கிங் டோக்கன் மேல்தான். ஆனால் கை நடுக்கம் நின்று, மருந்துச் சீட்டைப் படிக்க முடிந்தது.

ஊர் மாறுமா என்றால், அமெரிக்காவின் மாண்ட்கோமரியைச் சொல்வேன். பேருந்தில் கறுப்பினத்தவர் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ வேண்டும் என்ற விதியை எதிர்த்து, 1955 டிசம்பரில் அங்கே பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. அடுத்த மாதம் ஒரு ராத்திரி, அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய கறுப்பினப் பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங்குக்குக் கொலை மிரட்டல் போன் வந்தது. அவருக்கு அப்போது 27 வயது, வீட்டில் கைக்குழந்தை. தூக்கம் வராமல் காபி போட்டார், குடிக்கவில்லை. சமையலறை மேசையில் தலைகவிழ்ந்து, பயமாக இருக்கிறது, தெம்பு போய்விட்டது என்று கடவுளிடம் வாய்விட்டே சொன்னார். (இவ்வளவு நேர்மையாக நாம் கும்பிடுகிறோமா?) மூன்றே நாளில் வீட்டு வாசலில் குண்டு வெடித்தது. ஆத்திரத்தோடு கூடிய தன் ஆதரவாளர்களை அமைதியாகத் திருப்பி அனுப்பினார்.

தேவாலயக் கூட்டங்களிலும் ஜெபம் முடிந்ததும் அடுத்த பேச்சு, வேலைக்குப் போகிறவர்களை யார் காரில் ஏற்றுவது என்பதுதான். அப்படி 381 நாள். விதியைச் செல்லாததாக்கியது நீதிமன்றம். வழக்குப் போட்டதும் அந்த ஊர்ப் பெண்கள்தான்.