இரண்டு வட்டிக்குப் படிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

எங்களுக்கு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ உயிரியல் பிரிவு முடித்திருக்கிறேன். டயாலிசிஸ் டெக்னீஷியன் ஆக வேண்டும் என்று ஆசை. பாட்டி கடைசி இரண்டு வருடம் டயாலிசிஸில் இருந்தபோது அங்கே வேலை பார்த்த அக்காவைப் பார்த்து வந்த ஆசை இது. தஞ்சாவூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் இரண்டு வருடப் படிப்பு, விடுதியோடு மூன்று லட்சம். முடித்ததும் 25,000 சம்பளத்தில் வேலை உறுதி என்கிறார்கள். வங்கியில் கல்விக் கடன் கேட்டதற்கு, நிறுவனத்தின் அங்கீகாரக் கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். நிறுவனத்தில் கேட்டால், "வங்கிக்கெல்லாம் அலையாதீர்கள், வெளியில் புரட்டிக் கட்டுங்கள்" என்கிறார்கள். அப்பாவுக்கு ஆறு மா, அதாவது சுமார் இரண்டு ஏக்கர் நிலம். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனில் கொஞ்சம் எடுத்து, மீதியை இரண்டு வட்டிக்கு வாங்கிவிடலாம் என்கிறார். அண்ணன், பேசாமல் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் சேர் என்கிறான். அதே நிறுவனத்தில் படித்த பக்கத்து ஊர் அக்கா இப்போது சென்னையில் 12,000 வாங்குகிறார். என்ன செய்யட்டும்?

க.

அன்புள்ள க.,

முதலில் ஒன்று: அந்த நிறுவனத்தில் முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள். மதிப்பெண் சான்றிதழ், டி.சி. ஆகியவற்றின் அசலையும் கொடுத்துவிட வேண்டாம். அசல் அவர்கள் கைக்குப் போய்விட்டால், பாதியில் விலக நினைக்கும்போது முழுக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்று நிற்பார்கள். எத்தனையோ வீடுகளில் இது நடந்திருக்கிறது.

உங்கள் ஆசை நல்ல ஆசை. அந்த அக்கா செய்த வேலையை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்கள். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைப்பது) போட்ட இடத்தில் முதலில் விரல்களை வைத்து, உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அதிர்வு இல்லை என்றால் ஊசி போடாமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். இருந்தால் இரண்டு ஊசி: ஒன்று ரத்தத்தை இயந்திரத்துக்கு எடுக்க, மற்றது உடம்புக்குத் திருப்பி அனுப்ப. அப்புறம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். நடுவில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நோயாளி பயந்துபோவார். அந்த நேரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர் டெக்னீஷியன்தான். வார்டில் நின்று பழகாமல் இந்தக் கை வராது. அதனால்தான், கட்டடத்தையும் ஏசி வகுப்பையும் காட்டும் நிறுவனத்திடம், எந்த மருத்துவமனையில் பயிற்சி, அங்கே எத்தனை இயந்திரங்கள், எந்த மாதத்திலிருந்து எங்களை வார்டில் விடுவீர்கள் என்று கேட்கச் சொல்கிறேன்.

இனி பணக் கணக்கு. வருடத்துக்கு ஒன்றரை லட்சம், எல்லாமே இரண்டு வட்டிக் கடன் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் மாதம் 3,000 வட்டி, இரண்டாம் வருடம் 6,000. இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 1,08,000. அதை அப்பா கட்ட முடியாமல் போய் அசலோடு சேர்ந்தால், நீங்கள் வேலைக்குப் போகும் மாதம் கடன் 4,08,000. அதற்கு மாத வட்டி 8,160. பக்கத்து ஊர் அக்காவின் 12,000 உங்களுக்கும் கிடைத்தால் மிச்சம் 3,840. சென்னையில் அதை வைத்து அறை வாடகையா கொடுப்பது, சாப்பிடுவதா? அசலில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது.

வங்கிக் கடன் இவ்வளவு கொடுமை இல்லை. நான்கு லட்சம் வரை சொத்துப் பிணையோ வெளியாள் ஜாமீனோ இல்லாமல் தர வேண்டும், படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது என்பது கல்விக் கடன் திட்டத்தின் பொது விதி. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி உண்டு. 11 சதவீதம் என்று போட்டால், மூன்று லட்சம் தவணை தொடங்கும்போது 3,82,500 ஆகியிருக்கும். ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 6,500. பன்னிரண்டாயிரத்தில் அதுவும் பாதிக்கு மேல். ஆக, கடன் எங்கே வாங்கினாலும், அந்தச் சம்பளத்துக்கு இந்தக் கட்டணம் அதிகம்.

25,000 என்று அவர்கள் சொல்வது யாருக்கு, எத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகு? பக்கத்து ஊர் அக்காவிடம் போனில் பேசுங்கள். கூடப் படித்தவர்களில் எத்தனை பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள், ஐந்து வருடம் ஆனவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். விளம்பர நோட்டீஸைவிட அவர் சொல்வதை நான் நம்புவேன்.

வங்கி கேட்டது ஒரே ஒரு கடிதம். அதைத் தர முடியாத இடம் கொடுக்கும் சான்றிதழை நாளைக்கு யார் ஏற்பார்கள்? அரசு மருத்துவமனைப் பணிகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கும்போது, எந்தப் படிப்பு செல்லும் என்பது அறிவிக்கையிலேயே இருக்கும். பழைய அறிவிக்கை ஒன்றை எடுத்து, இந்தப் படிப்பு அதில் அடங்குமா என்று பாருங்கள்.

பயிர்க்கடன் விஷயத்தில் அப்பாவிடம் நானே பேசுவதாக நினைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்குக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. கெடு தவறினால் அந்தச் சலுகை போகும், அடுத்த சாகுபடிக்குக் கடனும் சிக்கலாகும். அந்தப் பணத்தைக் கல்லூரிக்குக் கட்டிவிட்டு, உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் மறுபடி வெளியில் கைநீட்டினால், ஒரு படிப்புக்காக ஆறு மாவும் தடுமாறும். இன்னொன்று, நம் பக்கம் பணம் வருவது அறுத்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏறிய பிறகுதான். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்காத வருடமும் உண்டு, அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்ட வருடமும் உண்டு. தவணைக்காரருக்கு அதெல்லாம் தெரியாது, மாதாமாதம் வந்து நிற்பார். அதனால் நெல் பணத்தைக் கணக்கில் சேர்க்காமல், உங்கள் முதல் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குக்குள் அடங்குகிற தவணைக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

அண்ணன் சொன்னதை நீங்கள் ஒதுக்க வேண்டாம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. இரண்டு வருடத்தில் 42,000 உங்கள் கைக்கு வரும். அப்புறம் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரவும் வழி உண்டு. பெண் பிள்ளை வயர்மேன் வேலைக்கா என்று ஊரில் கேட்பார்கள். கேட்கட்டும், ஊர் உங்கள் கடனைக் கட்டப்போவதில்லை.

ஆனாலும் உங்கள் மனம் டயாலிசிஸில் இருக்கிறது. அதற்கு இந்த ஒரு நிறுவனம்தான் வாசலா? தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளில் துணை மருத்துவப் படிப்புகள் இருக்கின்றன, டயாலிசிஸும் அதில் உண்டு. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து ஒவ்வொரு வருடமும் விண்ணப்பம் கேட்கிறார்கள், கட்டணமும் தனியாரைவிட மிகக் குறைவு. வார்டும் இயந்திரமும் நோயாளிகளும் அங்கேயே இருக்கிறார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் அதற்குத்தான் போடுவேன். இந்த வருடம் தவறினால் ஒரு வருடம் காத்திருக்கலாம். வருடம் வீணாகிறதே என்று அப்பா வருத்தப்படுவார். அந்த வருடத்தில் உங்களுக்கு நஷ்டம் ஒரு வருடச் சம்பளம், அவருக்கு மிச்சம் மூன்று லட்சம் அசலும் அதன் வட்டியும்.

அடுத்த வாரம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு ஒரு நடை போய், சேர்க்கை விவரத்தைக் கேட்டு வாருங்கள். டயாலிசிஸ் வார்டில் வேலை பார்ப்பவர்கள் ஓய்வாக இருக்கும் நேரத்தில், எங்கே படித்தார்கள், எவ்வளவு கட்டினார்கள் என்றும் விசாரியுங்கள். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.