சாதாரணச் செடிப் படத்தைக் கலைப்படமாக மாற்றுவது எப்படி?

செல்பேசியில் எடுத்த செடிப் படம், பச்சை இலைகள், பின்னால் வெறும் சுவர். இதைக் கலைப்படமாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் ஃபில்டரைத் தேடி ஓடுவதற்கு முன் படத்தை வெட்டுங்கள். முழுச் செடியும் தெரிய வேண்டியதில்லை. சுருண்ட ஒரு நுனியோ நரம்போடிய ஒரு இலையோ போதும். கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்ற ஜெர்மானியர் தளிர்களையும் மொட்டுகளையும் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டித்தான் பெயர் வாங்கினார்.

அப்புறம் நிறம். கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் ஒரே சொடுக்கோடு விட்டுவிடாதீர்கள். நிறவாரியான ஸ்லைடர்களில் மஞ்சளை ஏற்றிப் பாருங்கள். இலைப் பச்சையில் மஞ்சள் நிறையக் கலந்திருப்பதால், பச்சை ஸ்லைடரைவிட இதுவே பலமுறை இலையை அதிகம் வெளுக்க வைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது சயனோடைப் தோற்றம். 1842இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த நீல அச்சு முறை அது. ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் 1843இலேயே அதில் கடற்பாசிகளை அச்சிட்டார்: அடர் நீலப் பரப்பில் வெள்ளை உருவம். கணினியில் இதைக் கொண்டுவர, வெளிச்சமான வானத்தின் முன் எடுத்த செடிப் படம் வேண்டும். கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டை நன்றாகக் கூட்டி, இன்வெர்ட் செய்யுங்கள், அதாவது கறுப்பையும் வெள்ளையையும் தலைகீழாக மாற்றுங்கள். இருண்டிருந்த செடி வெள்ளையாகிவிடும். பிறகு, கறுப்பு முதல் வெள்ளை வரையான சாயல்களுக்கு வேறு நிறங்களைத் தரும் கிரேடியன்ட் மேப்பில் கறுப்புக்குப் பதில் அடர் நீலம் கொடுங்கள். மேலே பழைய காகிதத்தின் படம் ஒன்றை மல்டிப்ளை முறையில் (கீழுள்ள படத்தோடு கலந்து இருட்டாக்கும் முறை) மெலிதாக வைத்தால் அச்சின் சொரசொரப்பும் வந்துவிடும். கிம்ப் போன்ற இலவச மென்பொருளிலேயே இத்தனையும் செய்யலாம்.