முழங்கால் தண்ணீரில் தூண்டில்

கேள்வி: நிலையூர்க் கண்மாயில் சிறு வயது முதல் தூண்டில் போட்டுப் பழகியவன் நான். மாலத்தீவில் முழங்காலளவுக் கடலில் நின்றுகொண்டு, இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய் இரையை வீசிப் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் பற்றி மகன் சொன்னதிலிருந்து அதே நினைவாக இருக்கிறேன். அறை வாடகை குறைவு என்பதால் ஜூலையில் போகலாம் என்கிறான். எப்போது போவது, என்னென்ன வாங்குவது என்று சொல்லுங்கள் ஐயா.
- ஒரு வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: ஜூலை வேண்டாம். மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். வாடகை குறைவதற்குக் காரணமே அதுதான். இந்த முறையில் மீனை முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இரையை வீச வேண்டும் என்பதால், மேகம் மூடித் தண்ணீர்ப்பரப்பு ஈயத்தகடுபோல் மின்னும் நாளில் எவ்வளவு கைதேர்ந்தவரும் சும்மா நிற்க வேண்டியதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும்.

மாதம் முடிவானபின் தினசரி காலண்டரை எடுங்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடலின் ஏற்றமும் வற்றமும் கூடுதல். அஷ்டமியை ஒட்டிக் குறைவு. மாலத்தீவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் மொத்தத்தில் ஒரு மீட்டர் அளவுதான் என்றாலும், முழங்கால் தண்ணீரில் ஓரடி கூடுவதும் குறைவதும் பெரிய விஷயம். தண்ணீர் ஏறும்போது மீன்கள் ஆழத்திலிருந்து மணற்பரப்புக்கு வந்து நண்டையும் இறாலையும் கிளறித் தின்னும், வற்றும்போது திரும்பிவிடும். ஏற்றத்தின் நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே, 'அந்த வாரத்தில் பகலில் எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும்?' என்று வழிகாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விமான டிக்கெட் எடுக்காதீர்கள். மதுரையிலிருந்து கொழும்பு, அங்கிருந்து மாலே என்று போகலாம். இந்தியர்களுக்கு விசா இறங்கியதும் இலவசமாகவே கிடைக்கிறது.

இனி உங்கள் கண்மாய் அனுபவத்துக்கு வருகிறேன். அது உதவுவதைவிட இடைஞ்சல் செய்யும் என்று சொன்னால் வருந்தக் கூடாது. நம் தூண்டிலில் ஈயக்குண்டுதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இதிலோ இரைக்கு எடையே இல்லாததுபோல்தான், 'லைன்' எனப்படும் தடித்த நூலின் எடைதான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மேலும், கெளுத்தி கடித்ததும் கோலைச் சுண்டி மேலே தூக்கிப் பழகிய கை இங்கே மீனை இழக்கும். கோலை மீனை நோக்கித் தாழ்த்தியபடியே, இடக்கையால் லைனை நீளமாக இழுத்துத்தான் முள்ளைப் பதிக்க வேண்டும்.

மகன் சொன்ன ஜூலையைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அம்மியையும் நகர்த்தும் ஆடிக்காற்று நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. கடலில் காற்றில்லாத நாள் அபூர்வம். வற்றிய கண்மாயில் 50 அடி தள்ளி ஒரு துண்டை விரித்து, முள்முனையை வெட்டிய இரையைக் காற்றுக்கு எதிரே வீசிப் பாருங்கள். வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, 'பத்து மணி, நாற்பது அடி' என்று திடீரெனச் சொல்லச் சொல்லுங்கள். படகின் மூக்கைப் பன்னிரண்டு மணியாக வைத்து வழிகாட்டி அப்படித்தான் திசை சொல்வார். இரண்டே சுழற்றலில் இரை போய் விழ வேண்டும். மூன்றாவது சுழற்றலுக்குள் மீன் வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

வாங்குவதில், ஒன்பது அடி நீளமுள்ள எட்டாம் எண் கோல் ஒன்று போதும் (எண் கூடக் கூடக் கோலின் வலு கூடும்). மணற்பரப்பில் மேயும் போன்ஃபிஷ் என்ற மீனுக்கு அது சரியான அளவு. 50 கிலோவுக்கு மேலும் வளரக்கூடிய பெரும்பாறை மீனுக்குப் பன்னிரண்டாம் எண் கோல் வேண்டும் என்றாலும், அதை அங்கேயே வாடகைக்குக் கேளுங்கள். குளிர்நாட்டு லைன் வெயிலில் துவண்டுவிடும், வெப்பக்கடலுக்கென்று செய்ததையே வாங்குங்கள். பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாத இடம், தண்ணீரின் பளபளப்பை மறைக்கும் போலராய்டு கண்ணாடி. நான் முதல் பயணத்தில் விலையுயர்ந்த ரீலும் மலிவான கண்ணாடியுமாகப் போய், ஒரு பாசித்திட்டுக்கு அரைமணி நேரம் இரை வீசிக்கொண்டிருந்தேன். போன்ஃபிஷின் செதில் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மணலின் நிறத்தையே காட்டும். மீனைத் தேடாமல், மணலில் நகரும் அதன் நிழலைத் தேடுங்கள். தடித்த அடியுள்ள காலணி அவசியம். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும்.

கேள்வி: மூன்று மணி நேரத்தில் மண்டபம் இருக்கும்போது இதற்காகக் கடல் தாண்ட வேண்டுமா?
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: நியாயமான கேள்விதான். ஆனால் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலோடு இறங்க முடியாது. நம் நாட்டுக்குள்ளேயே வேண்டுமென்றால் லட்சத்தீவின் காயல்கள் இருக்கின்றன. கொச்சியிலிருந்து அகத்திக்கு விமானம் உண்டு. நுழைவு அனுமதி கைக்கு வந்தபின் டிக்கெட் போடுங்கள்.

கேள்வி: பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவார்களாமே, பிறகு எதற்கு இந்தப் பாடு?
- ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: அது அவரவர் மனத்தைப் பொறுத்தது. விடுவதென்றால் ஒழுங்காக விட வேண்டும் என்பதே என் கட்சி. முள்முனையில் பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கியைக் குறட்டால் முன்பே நசுக்கிவிடுங்கள், கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள், தண்ணீருக்கு மேலே தூக்காமல் முள்ளைக் கழற்றுங்கள். மாலத்தீவில் 2010-இல் சுறா பிடிக்கத் தடை விதித்ததால் ஆழமற்ற தண்ணீரிலும் சுறாக்கள் தாராளமாகச் சுற்றும். களைத்த மீனை அவசரமாக விட்டால் பத்தடிக்குள் அவற்றின் வாயில் விழும். அது தானாகத் திமிறும்வரை பிடித்திருந்து விடுங்கள். போன்ஃபிஷ் உடம்பெல்லாம் முள். பெயரே அதனால் வந்ததுதான். குழம்புக்கு ஊர் திரும்பியபின் மதுரை மீன் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்.