ஜார்ஜியா சுற்றுலா: மலை, ஊர், சாப்பாடு, ஒயின் – உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

காகஸஸ் மலை நாடான ஜார்ஜியாவுக்குச் சில முறை குழுக்களை அழைத்துப் போயிருக்கிறேன். வழிகாட்டியோடு போகும் சுற்றுலா பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றதற்கு வந்த கேள்விகளில் சில இங்கே.

சார், 7 நாளில் திபிலீசி, காஸ்பெகி, ககேதி, படுமி, ஸ்வானேதி ஐந்தையும் காட்டுவதாகச் சொல்கிறார்கள். பணம் கட்டிவிடலாமா?

கட்டாதீர்கள். வரைபடத்தில் நாடு கையகலம்தான், சாலையில் இறங்கினால்தான் நீளம் தெரியும். திபிலீசியிலிருந்து கருங்கடல் ஓரத்துப் படுமிக்கு ரயிலிலேயே சுமார் 5 மணி நேரம். வடமேற்கு மலைப் பகுதியான ஸ்வானேதிக்குக் காரில் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். இந்த இரண்டையும் வெட்டச் சொல்லுங்கள்.

6 இரவுகளை நான் பிரிப்பது இப்படி: தலைநகர் திபிலீசியில் 1, காஸ்பெகி மலைப் பக்கம் 2, ஒயினுக்குப் பேர்போன ககேதியில் 2, கிளம்புவதற்கு முன் மறுபடி திபிலீசியில் 1. மலைக்கு 2 இரவு எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். காஸ்பெக் சிகரம் 5,000 மீட்டருக்கு மேல். மேகம் மூடிக்கொண்டால் அன்றைக்கு முழுக்க முகம் காட்டாது. இரண்டு விடியற்காலை கையில் இருந்தால் ஒன்றிலாவது பார்த்துவிடலாம். காலையில் போய் இரவே திரும்பும் பயணத்தில், பாதி நேரம் அனனுரி கோட்டையிலும் வழிக் கடைகளிலும் கரைந்து, மேலே போய்ச் சேரும்போது மேகமும் வந்து சேர்ந்திருக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கெர்கெட்டி தேவாலயத்துக்கு ஏற முடியுமா?

ஏறவே வேண்டாம். 2,170 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் மேலே வரை சாலை இருக்கிறது, வண்டி போகும். கீழே ஸ்டெபன்ட்ஸ்மிண்டா (காஸ்பெகி ஊரின் இப்போதைய பெயர்) ஊரிலிருந்து நடந்து வருகிறவர்கள் வரட்டும், அம்மா முன்னாலேயே போய் உட்கார்ந்திருப்பார். மேலே காற்று பலமாக வீசும், காதை மூட ஏதாவது கொடுங்கள். தலைக்கு ஒரு துணியும் வேண்டும், தேவாலயத்துக்குள் பெண்கள் தலையை மூடிக்கொள்வது வழக்கம்.

எந்த மாதம் நல்லது?

ஒயினுக்காகப் போகிறீர்கள் என்றால் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. அப்போதுதான் ககேதியில் 'ர்த்வெலி' என்கிற திராட்சை அறுவடை. பச்சை மலைக்கு மே, ஜூன். குளிர்காலத்தில் பனியாலும் பனிச்சரிவு பயத்தாலும் காஸ்பெகிக்குப் போகும் வழியிலுள்ள ஜ்வாரி கணவாயை மூடிவிடுவது உண்டு, அந்தப் பக்கம் திட்டமே போடாதீர்கள்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

நல்ல கேள்வி, தவறான பயம். வால்நட் அரைத்துத் தடவிச் சுருட்டிய கத்தரிக்காய், கீரையும் வால்நட்டும் சேர்த்துப் பிசைந்த ப்காலி, மண்சட்டியில் வரும் லோபியோ என்னும் பீன்ஸ், சட்டியில் சுட்ட காளான் எல்லாம் கிடைக்கும். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஆண்டில் பல நாட்கள் இறைச்சியும் பாலும் முட்டையும் விலக்கி விரதம் இருப்பதால், 'சமார்க்வோ' என்று கேட்டால் விரதச் சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள். வழிகாட்டியிடம் இந்தச் சொல்லை முதல் நாளே சொல்லி வையுங்கள்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. படகு மாதிரி வரும் பாலாடைக்கட்டி ரொட்டியான அஜாருலி கச்சபூரியின் நடுவில் முட்டை மஞ்சள் கரு மிதக்கும், வேண்டாம் என்று முன்பே சொல்ல வேண்டும். பீன்ஸ் வைத்துச் சுடும் லோபியானி ரொட்டியில் சில இடங்களில் பன்றி இறைச்சி கலப்பார்கள். கொழுக்கட்டைக்குக் கொண்டை போட்டது போலிருக்கும் கிங்காலி பெரும்பாலும் இறைச்சிதான், ஆனால் காளான், உருளைக்கிழங்கு வைத்ததும் பல கடைகளில் உண்டு. கையால் சாப்பிடுங்கள், முள்கரண்டியால் குத்தினால் பக்கத்து மேசைக்காரர் முகம் சுருங்கும். அந்தக் கொண்டையைத் தட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

மது தொடாதவனுக்கு ககேதி வீண்தானே அண்ணா?

இல்லை தம்பி. குடிக்காமல் பார்த்தாலே நேரம் போதாது. அங்கே மரபு முறையில் ஒயினைப் பீப்பாயில் வைப்பதில்லை, 'க்வெவ்ரி' என்ற பெரிய மண்தாழியைக் கழுத்து வரை தரைக்குள் புதைத்துவிடுகிறார்கள். உள்ளே தேன்மெழுகுப் பூச்சு. சாறு, தோல், விதை, காம்பு எல்லாம் ஒன்றாக உள்ளே போய் மாதக்கணக்கில் கிடக்கும். மண் குளிர்ச்சியை ஒரே அளவில் வைத்திருக்கும். வெள்ளைத் திராட்சையான ர்கட்சிடெலியில் செய்தாலும் ஒயின் தேன் நிறத்துக்கு வருவது தோலோடு ஊறுவதால்தான். இந்த முறையை யுனெஸ்கோ 2013-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த நாட்டில் கிடைத்த சுமார் 8,000 ஆண்டு பழைய பானைத் துண்டுகளிலேயே திராட்சை ஒயினின் தடயம் இருக்கிறது.

அப்புறம் சிக்னாகி மதில் மேல் நின்றால் அலசானிப் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் பனி மலை வரிசையும் தெரியும். அதற்கு மது எதற்கு? விருந்தில் 'தமாடா' என்கிற தலைவர் வாழ்த்துச் சொல்லும்போது மட்டும் பழச்சாறு கோப்பையையாவது தூக்குங்கள், நடுவில் பேசாதீர்கள்.

நிறுவனத்திடம் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

ஒரு நாளைக்கு எத்தனை ஒயின் இடம் என்று கேளுங்கள். என் முதல் பயணத்தில் ஒரு நிறுவனம் ஒரே நாளில் நான்கு இடம் அழைத்துப் போனது. மூன்றாவதிலேயே எல்லா ஒயினும் ஒரே ருசியாகிவிட்டது, நான்காவதில் பாதிப் பேர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. இரண்டு போதும்: ஒன்று பெரியது, இன்னொன்று வீட்டோடு இருக்கும் சிறிய 'மரானி' என்னும் ஒயின் கூடம். வழிகாட்டியும் ஓட்டுநரும் வேறு வேறு ஆட்களா என்றும் கேளுங்கள். அங்கே மதுவோடு வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் கடுமை, உங்கள் உயிரும் அதே வண்டியில்தான்.

திபிலீசி கந்தகக் குளியல் எப்படி?

அழுகிய முட்டை நாற்றம், அருமையான சுகம். மணிக்கணக்கில் தனி அறை கிடைக்கும். ஊர்ப் பெயரே வெந்நீர் ஊற்றால் வந்தது, 'த்பிலி' என்றால் வெதுவெதுப்பு. மலையிலிருந்து திரும்பிய மாலையில் போங்கள், கால் வலிக்கு நல்லது.

ஊருக்கு எந்த ஒயின் வாங்கி வரலாம்?

பாட்டிலில் அடைத்த சபெராவி. உள்சதையே சிவப்பாக இருக்கும் திராட்சை அது, ஒயினும் மை மாதிரிக் கறுத்திருக்கும். வீட்டுக்காரர்கள் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றித் தருவது அதைவிட ருசியாக இருந்தாலும் பயணம் தாங்காது. அதை அன்றைக்கே குடித்துவிடுங்கள்.